கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் தமிழர்களில் யாராவது ஸ்பெயின் கடற்கரைக்கு விடுமுறை போக நினைத்தால், கைபேசியில் தேடுவதற்கு முன் டக்ளஸுக்குத்தான் அழைப்பார்கள். பார்சலோனாவுக்கு வடக்கே கலேயா என்று ஒரு கடற்கரை ஊர். பத்தொன்பது கோடைகளாக அந்த ஊருக்குச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். அவரை விட்டால் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேறு யார்?

டக்ளஸும் கேட்டவரை இலேசில் விடமாட்டார். மன்னார்க்காரருக்குக் கடலைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்தால் போதாதா?

"விடியக் காலமை கடற்கரைக்குப் போங்கோ. பிந்தினா ஜெர்மன்காரர் துவாயை விரிச்சுக் கதிரையெல்லாம் பிடிச்சிடுவினம். வெய்யில் ஏறினா பூங்காவுக்குப் போங்கோ, நல்ல மர நிழல். சந்தையிலை தோல் பை வாங்கலாம், சொல்லுற விலையிலை பாதி கேளுங்கோ. ஆனா கப்பலுக்கு வெளிச்சம் காட்டுற வெளிச்சவீட்டைப் பாக்காமல் வந்திடாதேங்கோ. கடலைப் பாத்து நிண்டா இடப்பக்கம், மலையிலை வெள்ளையா நிக்கும். ஏறிப் பாத்தா ஊர், ரயில், கடல் எல்லாம் காலுக்குக் கீழை."

குசினிக்குள் நின்று இதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி பிளோறன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, வெள்ளிக்கிழமை மத்தியானம் புறப்பட்டால் ஞாயிறு பின்னேரம்தான் மனிதன் வீடு வருவார். அந்த இடைவெளியில் மூன்று பிள்ளைகளின் காய்ச்சல், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கப் போட வேண்டிய சட்டை, நிரப்ப வேண்டிய அரசாங்க விண்ணப்பங்கள் எல்லாம் அவள் தலையில். கிழமை நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு. கோயிலில் ஞாயிற்றுப் பூசைக்கு வந்தவர்கள் "அண்ணை எங்கை அக்கா?" என்று கேட்டால், "கடல் குளிக்கப் போயிட்டார்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

"நீரும் வாரும்" என்று டக்ளஸ் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற மரியாதையும் ஒரு மரியாதையா என்று இருந்துவிட்டாள்.

இந்தப் புரட்டாதியோடு டக்ளஸுக்கு ஓய்வு. கடைசிப் பயணத்தில் மனைவிக்கு ஓர் இருக்கை இலவசம் என்று முதலாளி சொல்லிவிட்டார். டக்ளஸ் கோப்பியை ஆற்றிக்கொண்டே, "நீரும் வாறீரோ?" என்று இழுத்தார். "ஓம்" என்ற பதில் வந்த வேகத்தில் அவரே கொஞ்சம் திகைத்துப்போனார்.

பிளோறன்ஸ் வெள்ளைச் சப்பாத்து ஒன்று புதிதாக வாங்கினாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்த அந்த ஊரை அவர் தனக்கும் ஒருநாள் பக்கத்தில் நடந்து காட்ட வேண்டும். பத்தொன்பது வருடக் கோபத்துக்கு ஒரே ஒரு நாள் கேட்டாள், அவ்வளவுதான்.

பேருந்தில் அவள் கண்டது வேறு டக்ளஸை. வீட்டில் சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுகிறவர், இங்கே ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். நாற்பத்தெட்டுப் பேரின் பெட்டிகளும் எந்தப் பக்கம் எத்தனையாவதாக இருக்கின்றன என்று தாளைப் பாராமல் சொன்னார். பிரான்சில் மழை கொட்டியபோது பின்னால் ஒரு தேநீர்க் கோப்பைகூட ஆடவில்லை. ஹாகன் நகரத்து மூதாட்டி ஒருவர் பிளோறன்ஸின் கையைப் பிடித்து, பதினொரு வருடமாக ஹெர் டக்ளஸ் ஓட்டினால்தான் ஏறுகிறேன் என்று, பேருக்கு முன் 'ஹெர்' என்ற மரியாதை வைத்து, ஜெர்மனில் சொன்னார். பிளோறன்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. கோபமும் போகவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கலேயா. மற்றவர்கள் விடுதிகளுக்குப் போய்விட, டக்ளஸும், அவரோடு மாறி மாறி ஓட்டும் ஹோல்கரும் பேருந்தைக் கூட்டித் துடைத்து, கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து, குப்பையைக் கட்டிப் போட்டார்கள். பதினொரு மணிக்கு டக்ளஸ் அவளை ஒரு சிறிய விடுதியின் பின்பக்க அறைக்குக் கூட்டிப் போனார். ஜன்னலைத் திறந்தால் எதிரே சமையலறைச் சுவர்.

"நீர் ஊரைச் சுத்திப் பாத்திட்டு வாரும்" என்றார், சப்பாத்தைக் கழற்றியபடியே. "இரவு எட்டரைக்கு, முந்தி வந்த சனத்தை ஏத்திக்கொண்டு திரும்பி ஓடவேணும். நான் படுக்கிறன்."

"படுக்கிறியளோ?"

"ஒம்பது மணித்தியாலம் ஓய்வெடுக்க வேணும். அது சட்டம்."

"ஊர் உலகத்துக்கெல்லாம் வழி சொல்ல ஏலும். எனக்கு மட்டும் உங்களுக்கு நித்திரை வருது, என்ன?"

டக்ளஸ் திரைச்சீலையை இழுத்து மூடினார். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

சந்தை நிறையச் சனம். ஒரு தோல் பையை எடுத்துப் பார்த்து, பாதி விலை கேட்க மனமில்லாமல் வைத்துவிட்டாள். தண்டவாளத்துக்குக் கீழான சுரங்க வழியால் கடற்கரைக்கு இறங்கினாள். அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. தடித்த பொன் மணல், பக்கத்திலேயே ஓடுகிற ரயில், கண்ணுக்கெட்டிய தூரம் நீலம். மனிதன் கொடுத்துவைத்தவர் என்று மனதுக்குள் அவரை ஒரு குத்துக் குத்தினாள். பிறகு கடலைப் பார்த்து நின்று, அவர் சொன்னபடி இடப்பக்கம் திரும்பி நடந்தாள்.

அரை மணி நேரம் நடந்தாள். மலையும் இல்லை, வெளிச்சவீடும் இல்லை. புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடித்தது. சலித்துப்போய் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், ஊரின் மறு கோடியில், குன்றின் மேல் வெள்ளை வெளேரென்று வெளிச்சவீடு நின்றது. கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதனிடம் வழி கேட்டுப் போனவர்கள் எல்லாரும் கடற்கரைக்கு வந்ததும் தாங்களே கண்டுபிடித்துப் போயிருப்பார்கள். திரும்பி வந்து, அண்ணை, பிழை என்று யார் சொல்லப் போகிறார்கள்? ஆனால் ஒருமுறை அங்கே ஏறினவர், ஒருமுறை இந்த மணலில் நின்றவர்கூட இடத்தையும் வலத்தையும் மாற்றிச் சொல்வாரா?

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வெளிச்சவீட்டுக்குப் போகவில்லை. நேரே விடுதிக்கு வந்தாள்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணுக்கு ஜெர்மன் தெரிந்திருந்தது. டக்ளஸ் பகலில் இங்கே எங்கெங்கே போவார் என்று அவளிடம் கேட்டாள். "ஹெர் டக்ளஸா? பேருந்தில் இருந்து அறைக்கு வருவார், அறையில் இருந்து பேருந்துக்குப் போவார். இங்கே எங்கள் கோப்பியைத் தவிர அவர் வேறொன்றையும் கண்டதில்லை. ஊரைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுவார், அது வேறு. எல்லாம் பயணிகள் திரும்பிப் போகும்போது அவரிடம் சொல்லுகிற கதை."

பிளோறன்ஸ் பின் முற்றத்துக்குப் போனாள். அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். போத்தல் பெட்டிகளைத் தடாலென்று இறக்க வந்தவரைப் பார்த்து விரலை வாயில் வைத்து, இரண்டு கையையும் கன்னத்தில் சேர்த்துக் காட்டினாள். அந்த மனிதர் பெட்டிகளைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போனார். பந்தோடு வந்த இரண்டு சிறுமிகளைத் தன்னிடமிருந்த இனிப்பைக் கொடுத்துக் கடற்கரைப் பக்கம் அனுப்பினாள். அந்தக் கதிரையைவிட்டு அவள் எழும்பவேயில்லை.

இரவு எட்டு மணிக்கு டக்ளஸ் சவரம் செய்து, கம்பனிச் சட்டை போட்டு, புது மனிதராக வந்தார்.

"வெளிச்சவீடு பாத்தனீரோ?"

"இல்லை. நீங்கள் பாக்காததை நான் ஏன் தனியப் பாக்கவேணும்?"

டக்ளஸ் சட்டைக் கைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார். அது ஏற்கனவே பூட்டியிருந்தது.

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான் சொன்னியள். இடப்பக்கம் எண்டு."

அவர் பொத்தானை விட்டார். "நாப்பத்தெட்டுச் சனம் என்னை நம்பிப் பின்னாலை நித்திரை கொள்ளுது, பிளோறன்ஸ். நான் இஞ்சை நித்திரை கொள்ளாட்டி, அங்கை ஸ்டியரிங்கிலை கொண்டிடுவன்."

"அதை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ? நான் இவ்வளவு வருஷமும் உங்களைத் திட்டித் திட்டி..."

"சொன்னா நீர் கவலைப்பட்டிருப்பீர். கவலையெண்டா நீர் கண்ணே மூடமாட்டீர். கோவமெண்டா நல்லா நித்திரை கொள்ளுவீர்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடல் குளிக்கப் போயிட்டார் என்று கோயிலில் சொன்ன அந்த ஒற்றைப் பேச்சு அவளுக்கே இப்போது நெஞ்சில் தைத்தது. பேருந்துக்கு நடந்தபோது, பிள்ளைகள் பிறந்த பிறகு வெளியில் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாற வைகாசி ரெண்டு பேரும் வருவம்" என்றாள். "சனம் மாதிரி, பின் சீற்றிலை இருந்து. ஒரு கிழமை நிண்டு எல்லாம் பாப்பம்."

"வருவம்" என்றார் டக்ளஸ். இரண்டு அடி நடந்துவிட்டு நின்றார். "ஆனா ஓட்டுறவன் பகல் படுத்தவனோ எண்டு கேட்டிட்டுத்தான் நான் உம்மை ஏத்துவன்."