குவாங்சோ கோயில் வாசலில் காத்த தீட்டு

இரண்டு வருடத்துக்கு முன்பு, வைகாசி மாதத்தில், சீனாவின் குவாங்சோ நகரத்தில் நடந்தது இது. நான் பாகூர் பக்கத்துக் கிராமத்துக்காரன். திருவாண்டார்கோயிலில் பிளாஸ்டிக் பை தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக மெஷின் பராமரிப்பு வேலை. கம்பெனியில் புதிதாக ஒரு சீன மெஷின் வாங்கினார்கள். அதைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று என்னையும் இன்னொரு ஊழியரையும் மூன்று வாரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். நான் விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. பெல்ட்டைப் போடத் தெரியாமல் நான் முழித்ததைக் கூட வந்தவர் இன்றைக்கும் கேன்டீனில் சொல்லிச் சிரிக்கிறார்.

காலையில் மெஷின், ராத்திரி ஓட்டல் அறை, மறுநாள் திரும்பவும் மெஷின். எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். கூட வந்தவர் செல்போன் மார்க்கெட்டுக்குப் போகலாம் என்றார். நான் கோயிலுக்கு என்றேன். நகரத்தின் நட்டநடுவில், ஆறு ஆலமரத்தின் பெயரால் அழைக்கப்படும் பழைய புத்தர் கோயில் ஒன்று இருக்கிறது, ஆயிரத்து ஐந்நூறு வருடத்துப் பழசு என்று ஓட்டலில் சொல்லியிருந்தார்கள். என் மனைவி வேறு தினமும் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. எந்த ஊர் சாமியாக இருந்தாலும் சரி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள் என்பது அவள் உத்தரவு.

மெட்ரோ ரயிலில் இறங்கி நடந்தோம். தெரு முழுக்க ஊதுபத்தியும் மணிமாலையும் விற்கும் கடைகள். சத்தமே போடாத பேட்டரி ஸ்கூட்டர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நம்மைத் துள்ள வைக்கின்றன. நம்ம தவளக்குப்பம் கூட்டு ரோட்டிலாவது ஹாரன் அடித்துச் சொல்லிவிட்டு மோத வருவார்கள். வானம் தெரியாத அளவுக்குக் கட்டடங்கள். அவற்றின் நடுவே எண்கோண வடிவத்தில் அடுக்கடுக்காக ஒரு கோபுரம். வாசலில் தன்னார்வத் தொண்டர்கள் உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் மூன்று மூன்று ஊதுபத்தியை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர்தான். அப்போது போன் அடித்தது. மனைவி.

"மேல வூட்டுக்காரரு போயிட்டாருங்க. வெடிகாலைல மோட்டார் போடப் போனவரு, அப்படியே வரப்புல சாஞ்சிட்டாராம்."

மேல வீட்டுக்காரர் என்று அவள் சொன்னது என் பெரியப்பா மகனை. எனக்கு அண்ணன். ஆறு வயது மூத்தவர். சின்ன வயதில் எனக்கு டைபாய்டு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒன்பது நாளும் என் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்துக் கிடந்தவர். அப்படிப்பட்டவரை எங்கள் வீட்டில் யாரும் அண்ணன் என்றோ பெரியப்பா என்றோ சொல்லி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு டிராக்டர் தடம். அவருடைய கரும்பு ரோட்டுக்கு வர வேண்டுமானால் என் கழனி வழியாகத்தான் வர வேண்டும். எப்போதும் நான் நெல் அறுத்த பிறகுதான் அவர் கரும்பு வெட்டுவார். அந்த வருடம் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு முன்னாடியே வந்துவிட்டது. என் நெல் பால் பிடித்து நின்ற நேரம். நான் வழிவிட மாட்டேன் என்றேன். வெட்டிப் போட்ட கரும்பு எட்டு நாள் வெயிலில் காய்ந்து சுண்டிப்போயிற்று. டிராக்டர் போனால் நாலு வரிசை நெல் நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு என் புத்தி அப்படிப் போயிற்று.

மாரியம்மன் கோயில் எதிரில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே உன் வூட்டு நல்லது கெட்டதுக்கு நான் வரல, என் வூட்டுதுக்கு நீ வராத," என்றார். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வீம்பு விடவில்லை. "நீ செத்தாக்கூட எனக்குத் தீட்டு இல்ல, போ," என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அண்ணி அங்கேதான் நின்றிருந்தார்.

இதெல்லாம் போனைக் காதில் வைத்திருந்த அந்த அரை நிமிடத்தில் நினைவுக்கு வந்தது. அதற்குள் மனைவி மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாங்க பேச்சையே காணோம்? ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னு ஊரு முன்னாடி பேசி முடிச்சாச்சி. நமக்கு இன்னா தீட்டு? வெள்ளிக்கெழம மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. நீங்க பாட்டுக்கு உள்ள போயி புள்ளைக்காக நல்லா வேண்டிக்கினு வாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. பங்காளி சாவு என்றால் பதினாறு நாள் கோயிலுக்குப் போகக் கூடாது, வீட்டில் நல்ல காரியம் கூடாது. தீட்டு என்று ஒத்துக்கொண்டால் வெள்ளிக்கிழமை ஏற்பாட்டை நிறுத்த வேண்டும். மூன்று வருடமாகத் தேடி அமைந்த வரன். பெற்றவளுக்குப் பதறாதா?

வரிசை நகர்ந்தது. தொண்டர் உடுப்பில் இருந்த ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், என்னிடம் மூன்று ஊதுபத்தியை நீட்டினார். கூட வந்தவர் வாங்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டிவிட்டார். என் கால் எழவில்லை. இந்தச் சீனாவில் என்னை யாருக்குத் தெரியும்? பாகூரில் செத்தவருக்கும் இந்தப் புத்தருக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் யோசித்தேன். உள்ளே போய்விட்டால், அவர் எனக்கு யாரும் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாண்ணே நின்னுட்ட? வாண்ணே," என்றார் கூட வந்தவர்.

"தல சுத்துதுபா. நீ பாத்துட்டு வா, நான் இங்கயே இருக்கேன்," என்று பொய் சொல்லிவிட்டு, மதில் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

அந்த அம்மா இரண்டு மூன்று தடவை என்னையே திரும்பிப் பார்த்தார். பிறகு ஊதுபத்திக் கட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்க். மூடியில் ஊற்றிக் கொடுத்தார். வெந்நீர். அந்தப் புழுக்கத்தில், சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும்போது, வெந்நீர். மறுக்கத் தெரியாமல் ஊதி ஊதிக் குடித்தேன். அவர் தன் போனில் சீனத்தில் பேசினார். அது ஆங்கிலமாகத் திரையில் வந்தது. எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொண்டேன். உடம்பு சரியில்லையா, உள்ளே போகாமல் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

பதிலுக்கு நான் அவர் போனில் எழுதினேன். ஒன்றுவிட்ட சகோதரர் இன்று காலையில் இறந்துவிட்டார் என்று எழுதி முடித்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னவோ போல் இருந்தது. அழித்துவிட்டு, என் அண்ணன் இறந்துவிட்டார், எங்கள் வழக்கப்படி நான் இப்போது கோயிலுக்குள் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரைக்கும் எனக்குக் கண் கலங்கக்கூட இல்லை. அப்போது அழுகை வந்தது பாருங்கள், ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை, முன்பின் தெரியாத ஊரில் நடுத்தெருவில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். வழியோடு போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் கையை விடவே இல்லை.

நான் அடங்கிய பிறகு அவர் மறுபடி போனில் பேசினார். அவருடைய கணவர் இறந்து சில வருடம் ஆகிறதாம். துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் நூறு நாள் கோயிலுக்குப் போகக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்லி வளர்த்திருக்கிறார். அப்படியெல்லாம் புத்தர் சொல்லவில்லை, தாராளமாக உள்ளே வாருங்கள் என்று இங்கே இருக்கும் பிக்குகள் எவ்வளவோ சொன்னார்களாம். அவருக்கு மனசு வரவில்லை. நூறு நாளும் இதே வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார். சும்மா நிற்பதற்கு ஊதுபத்தியாவது கொடுக்கிறேனே என்று ஆரம்பித்ததுதான் இந்த வேலையாம்.

பிறகு அண்ணன் பெயரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை என் வாயால் சொல்லி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவருக்கு வாயில் நுழையவில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒரு மஞ்சள் காகிதத்தில் அவர்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார். எனக்கு நீட்டியது போலவே மூன்று ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு, உயரமான நிலைப்படியை மெல்லத் தாண்டி உள்ளே போனார். நான் வாசலில் நின்றபடி பார்த்தேன். முற்றத்தில் பெரிய வெண்கலத் தொட்டி ஒன்றில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று மூன்று தடவை குனிந்து கும்பிட்டார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்றே கும்பிட்டேன். மகள் கல்யாணம் ஞாபகத்துக்கே வரவில்லை. மன்னிச்சிடுண்ணா என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

முக்கால் மணி நேரம் அங்கே நின்றிருப்பேன். நின்ற இடத்திலிருந்தே மனைவிக்குப் போன் போட்டேன். நான் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லித் தேதியைத் தள்ளிப் போடு, நீ உடனே கிளம்பி மேல வீட்டுக்குப் போ என்றேன்.

"சீனாவுக்குப் போயி புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? எந்த மொகத்த வெச்சினு அங்க போயி நிப்பேன்?"

"என் மொகத்த நெனச்சினு போ. யாரு இன்னா சொன்னாலும் வாங்கிக்க. அண்ணி பக்கத்துல போயி உக்காரு."

இன்னும் இரண்டு திட்டு திட்டினாள். பிறகு சரி என்றாள். போயிருக்கிறாள். யாரும் வா என்று கூப்பிடவில்லையாம். அண்ணிதான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த பாயில் நகர்ந்து இடம் விட்டிருக்கிறார். கேட்டவர்களிடம் மனைவி நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் இறந்த பதினாலாம் நாள் நான் ஊருக்கு வந்தேன். பதினாறாம் நாள் கருமாதிக்குத் துண்டை எடுத்துக்கொண்டு மேல வீட்டு வாசலுக்குப் போனேன். மொட்டை போட்டுக்கொள்ளப் பங்காளிகள் எல்லோரும் ஏரிக்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கே நிற்பது, யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை. பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் என்னைப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு வந்த? தீட்டு இல்லன்னு ஊரு முன்னாடி சொன்னவன்தான நீ?"

 சொன்னவன்தானே. வாசலில் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு எட்டுக்கூட வைத்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து அண்ணி வந்து வாசப்படியில் நின்றார்.

"வாயால சொல்லிச்சி, நான் இல்லன்னு சொல்லல. அந்த ஊருல கோயில் வாசல் வரைக்கும் போயி, உள்ள போவாம நின்னு அழுதுருக்குது. தீட்டு காத்தவன் பங்காளி இல்லாம வேற யாரு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "போ தம்பி. எல்லாரும் கெளம்பறாங்க பாரு, கூடப் போ."

அண்ணன் மகன் என் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். ஏரிக்கரையில் வயது வரிசைப்படி உட்கார வைத்தார்கள். என் முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வரன் கைகூடவில்லை. தேதியைத் தள்ளிப்போட்டதில் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மனைவி இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மகளுக்குப் போன தை மாதம் வேறு இடத்தில் முடிந்தது. முதல் சீர்த்தட்டை எடுத்தது அண்ணிதான். அவர்கள் கரும்பு இப்போது எப்போது வேண்டுமானாலும் என் கழனி வழியாகப் போகிறது.

இதையெல்லாம் கேட்பவர்கள் நல்லவேளை சரியாயிற்றே என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பின் தெரியாத நாட்டில் அவருக்காக ஒரு கோயில் வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க முடிந்த எனக்கு, அவர் உயிரோடு இருந்த அந்த ஐந்து வருடத்தில், என் வீட்டிலிருந்து நாற்பது அடி தூரத்தில் இருந்த அவர் வாசலில் ஐந்து நிமிடம் போய் நிற்க மனசு வரவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.