எழுவரும் இருவகைக் கைப்பேசியும்

சென்ற வாரம் அல்லிநகரத்தில் ஒரு கைப்பேசிக் கடையில் நின்றிருந்தேன். என் கருவியின் கண்ணாடியில் விரிசல் கண்டிருந்தது. கடைப்பெண் இரண்டு வகைக் கைப்பேசிகளை எடுத்து எதிரே வைத்து, "ரெண்டுமே ஈசிதாங்கய்யா, ஒங்க கைக்கு எது வருதுன்னு பாருங்க" என்றாள். அவள்மேல் பிழையில்லை. ஆயினும் அந்த 'ஈசி' காதில் விழுந்ததும் சினம் மூண்டு, விரிசலோடேயே திரும்பிவிட்டேன். இரண்டில் எது நல்லது என்று கேட்பது, இரண்டு பாம்புகளில் எதன் பல் மழுங்கியது என்று கேட்பதற்கு ஒப்பாகும், நண்பரே.

அந்தக் கண்ணாடிக்கு மணமே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? மார்க்கையன்கோட்டைச் சிவன் கோயிலில் எங்கள் பதிக ஏடுகளுக்கு மணம் உண்டு. திருநீறும் கற்பூரப் புகையும் பல்லாண்டு விரல்வியர்வையும் ஊறிய மணம். மழைக்காலத்தில் கரப்பான் மணமும் சேரும். பக்தி மிகுதியால் அதை மறைக்க மாட்டேன்.

திங்கட்கிழமைதோறும் மாலையில் எழுவர் கூடி ஓதுவோம். நான் பக்க எண்ணைச் சொல்வேன். எல்லாரும் ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விரிப்போம். ஏடு பாராமல் ஓதலாகாது என்பது கட்டுப்பாடு. ஓர் எழுத்துப் பிசகினாலும் அது இறைவனுக்கு இழைத்த குற்றம் என்பது, தலைமை தாங்கிய என் பிடிவாதம்.

எங்களுள் முத்தையாவின் குரலே குரல். ஊர் எல்லையில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். பந்தல் கம்பியை இழுத்து இழுத்துக் கட்டைவிரல் ரேகை தேய்ந்தவர். அவர் எடுத்துப் பாடினால் கருவறை விளக்கே சற்று நிமிர்வதுபோல் இருக்கும்.

ஏடுகள் நைந்து உதிரத் தொடங்கின. பதிகங்கள் கைப்பேசியில் கிடைக்கின்றன என்று அறிந்து, இனி அதிலேயே ஓதுவோம் என்று முடிவு செய்தவன் நானே. கேடு அன்று நுழைந்தது. மூவரிடம் ஒரு வகை, மூவரிடம் மற்றொரு வகை. என் வகையில் பின்னோக்கிச் செல்ல அடியில் ஒரு முக்கோணம் உண்டு. ஓய்வுபெற்ற செவிலியர் செல்லத்தாயி அம்மாளின் வகையில் ஓரத்திலிருந்து இழுக்க வேண்டும். அது பெங்களூரிலிருந்து மகன் அனுப்பியது என்பதை வாரம் ஒருமுறை நினைவூட்டுவார். எது எளிது என்ற வாதத்தில் பத்துப் பதிகம் ஓதிய மாலை ஐந்தாகச் சுருங்கிற்று. சந்நிதியில் அமர்ந்து சார்ஜர் முனைக்காகச் சச்சரவிட்ட அடியார் கூட்டம் வேறெங்கும் இராது.

ஏழாமவர் முத்தையா. அவரிடம் இருந்தது பொத்தான் கைப்பேசி. இரண்டை அழுத்திப் பிடித்தால் மகள், மூன்றை அழுத்தினால் உரக்கடை. அவ்வளவே அவர் உலகம். "எனக்குப் புத்தகமே போதும் சாமி, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்று பலமுறை கெஞ்சினார். கேட்டேனா? நாலுக்கு மூன்று என்று வெல்லும் வெறி எனக்கு. கடைக்கு அழைத்துப்போய் என் வகையை வாங்க வைத்தேன்.

தேய்ந்த விரலை அது ஏற்கவில்லை. வழக்கப்படி கண்ணில் ஒற்றினால் வேறெங்கோ தாவியது. இப்பக்கம் என்னைப் பார்த்து முக்கோணத்தைத் தொடுவார். அப்பக்கம் செல்லத்தாயியைப் பார்த்து ஓரத்தை இழுப்பார். குரல் மட்டும் பிசகவில்லை.

ஒரு திங்களன்று பதிகத்தின் நடுவே செல்லத்தாயி அவர் கையை எட்டிப் பார்த்துவிட்டார்.

"பாத்தீகளா, ஒங்க ஈசியான போனை. அண்ணே சேலை வெளம்பரத்தப் பாத்துக்கிட்டே பதிகம் பாடுறாக."

எல்லாரும் சிரித்தார்கள். என் கட்சியின் மானத்தைக் காக்க எண்ணி உரக்கச் சொன்னேன்: "மேல மூடுன்னு எழுதியிருக்குல்ல முத்தையா, அத வாசிச்சு அமுக்குங்க."

அவர் கட்டைவிரல் கண்ணாடிக்கு மேலே நின்றது. எங்கும் இறங்கவில்லை. சிரிப்பு ஓய்ந்தபின்,

"எனக்கு எழுத்துத் தெரியாது சாமி. நம்பர் மட்டுந்தான் தெரியும். பாட்டெல்லாம் காதுல கேட்டதுதான்" என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகள்! எண்ணைக் கேட்டு ஏட்டை விரித்திருக்கிறார். நாங்கள் தாள் புரட்டும் சரசரப்புக் கேட்டதும் தாமும் புரட்டியிருக்கிறார். எழுத்தைப் பார்த்தே ஓதிய நான் எத்தனையோ முறை பிசகியிருக்கிறேன்; அவர் பிசகி நான் கேட்டதில்லை. அத்தனை காலம் ஏடு காத்த மானத்தை அந்தக் கருவி நொடியில் பறித்தது. கருவி என்கிறேன் பாருங்கள்; வாசியுங்கள் என்று சொன்ன வாய் என்னுடையது.

கட்டுப்பாட்டை நீக்கிவிட்டேன் என்று சொல்ல, புதிய ஏடொன்றுடன் தோட்டத்துக்குச் சென்றேன். பந்தலடியில் நின்றவர் ஒரு குலை நறுக்கி என் கையில் கொடுத்தார். "தொண்ட கட்டியிருக்கு சாமி, பொறகு வாரேன்" என்றார்.

இப்போது சந்நிதியில் தாள் புரளும் ஓசை இல்லை. அறுவரும் அரவமின்றி விரலை நகர்த்துகிறோம். குரல் மேலெழ வேண்டிய இடங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தாழ்ந்தே பாடி முடிக்கிறோம். முத்தையா கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை என்று குருக்கள் சொன்னார். மாலைதோறும் வந்து, தூணருகே நின்று, முழுப் பதிகமும் தனியே பாடிவிட்டுப் போகிறாராம். திங்கட்கிழமை மட்டும் வருவதில்லை.