கித்தாரா, அந்தப் புத்தகமா

கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் தேவாலயத்தின் தமிழ்ப் பூசைக்குப் பல வருடங்கள் கித்தார் வாசித்தவள் நான். மன்னாரில் சிஸ்டர்மாரிடம் பழகியது. ஆனால் அந்த வாத்தியத்தின் மேல் பைத்தியம் பிடித்தது இங்கே வந்து றொக் இசை கேட்கத் தொடங்கிய பிறகுதான். அந்த இசையின் வரலாற்றை மட்டுமே எழுதும் ஒரு பிரித்தானியச் சஞ்சிகைக்குச் சந்தாவும் கட்டினேன். பழைய குழுக்கள் எப்படிச் சேர்ந்தன, எதற்காகப் பிரிந்தன என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கறி கொதிக்கும்போது நின்றபடியே வாசிப்பேன்.

ஒரு ஞாயிறு, பாடகர் குழுவின் ஒத்திகைக்கு முன், கோயில் மண்டபத்தில் அதை விரித்து வைத்திருந்தேன். பக்கம் முழுக்கச் சட்டை போடாத, நீளமுடி வைத்த ஒரு பாடகர். குழுவை நடத்தும் அண்ணை பின்னால் வந்து நின்றார்.

“உதென்ன புத்தகம்?”

“றொக் பாட்டுக்காரரின்ர வரலாறு, அண்ணை.”

“கோயிலுக்குள்ள உந்தப் பிசாசுகளின்ர படமோ? அதுவும் சட்டை இல்லாமல்!”

“சிலுவையில இருக்கிறவரும் சட்டை போடேல்லைத்தானே.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணையின் முகம் இறுகியது. “கித்தார் வாசிக்கிறதெண்டால் உந்தப் புத்தகம் இனி இஞ்ச வரக்கூடாது. முடிவெடுங்கோ.”

கித்தாரை உறைக்குள் வைத்துத் தோளில் போட்டேன். சஞ்சிகையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். காருக்குள் ஏறியதும் அழுதேன். கோபத்தில் வந்த அழுகை.

“அவரிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுப்போட்டு விடுமன்,” என்றார் கணவர், வீட்டில் நடந்ததைச் சொன்னபோது.

“எதுக்கு? வாசிச்சதுக்கோ?”



கிறிஸ்து பிறப்பான நத்தார் நெருங்கியபோது அண்ணை எனக்குப் போன் எடுத்தார். “வாசிக்க வாறீங்களோ?”

“வாறன். புத்தகமும் வரும்.”

“சரி, பைக்குள்ள வைச்சிருங்கோ.”

“ஒளிச்சு வைக்கமாட்டன், அண்ணை.”

போனை வைத்துவிட்டார்.

நத்தார் பூசைக்குப் பதிவு செய்த இசையைப் போட்டார்கள். நான் சனத்தோடு சனமாகப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இசை முன்னால் ஓட, குழு பின்னால் இழுபட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, தாளம் தப்பாமல், தொண்டை திறந்து பாடினேன். அண்ணை திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த சரணத்தை இன்னும் பலமாக எடுத்தேன். முன்வரிசையில் இருந்த அன்ரிமார் என் குரலோடு சேர்ந்துகொண்டார்கள்.