சீனா மாஸ்டருக்குப் பின்னால் நின்றவன்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். திண்டிவனம் பைபாஸில் ஓர் ஓட்டலில் ஃபாஸ்ட் ஃபுட் மாஸ்டராக இருக்கிறேன். மனிதர்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. கடாயைப் பார்த்தால் கை தானாக வேலை செய்யும். அதனால் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இருந்த அடுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவலாம் என்று இதை எழுதுகிறேன்.

1. முதல் நாளே மாஸ்டர்

ஜவாத் வேலை கேட்டு வந்தபோது நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாலிபப் பையன். ஊர் ஆப்கானிஸ்தானில் பாமியான். ஹசாரா என்ற இனம். புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்க வந்திருக்கிறான். படிப்பு முடிவதற்குள் அவன் நாட்டில் ஆட்சி மாறிவிட்டது. அவன் இனத்தாரை வேட்டையாடியவர்களே அதிகாரத்துக்கு வந்துவிட்டதால் திரும்பிப் போக வழியில்லை. கையில் ஓர் அகதி அட்டை இருந்தது. தந்தூரி அடுப்பில் ரொட்டி சுடத் தெரியும் என்றான்.

ஹசாராக்கள் பார்க்க நேபாளத்துக்காரர்கள் மாதிரி இருப்பார்கள். சின்னக் கண், உயர்ந்த கன்னம். அவன் சொன்ன எதுவும் எங்கள் முதலாளியின் காதில் ஏறவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் ஏழுமலை, இங்க வாய்யா. நாம தேடிக்கினு இருந்த ஆளு தானா நடந்து வந்துட்டான்."

"ரொட்டி சுடுறவருன்னு சொல்றாருங்க."

"ரொட்டிய எவன் வேணா சுடுவான். இந்த மூஞ்சி எவனுக்குய்யா வரும்?"

மறுநாள் வாசலில் ஃப்ளெக்ஸ் தொங்கியது. ‘ஒரிஜினல் சீனா மாஸ்டர் லீ’. பக்கத்தில் நெருப்புக் கக்கும் பாம்பு ஒன்று.

2. இரண்டு கடாய்

வேலை இப்படித்தான் நடந்தது. முன்னால் கண்ணாடி வைத்த அடுப்பில் உயரமான வெள்ளைத் தொப்பியோடு ஜவாத் நிற்பான். அவன் கடாயில் கொஞ்சம் வெங்காயம் மட்டும் இருக்கும். தடுப்புக்குப் பின்னால் உண்மையான கடாயில் நான் ஃப்ரைட் ரைஸ் போடுவேன். கரண்டியால் கடாய் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் அவன் பர்னரைத் திருகித் தீயை ஏற்றி, கடாயைத் தூக்கி ஆட்டுவான். ஜனங்கள் செல்போனைத் தூக்குவார்கள். அதற்குள் நான் தடுப்பின் சந்து வழியாகத் தட்டைத் தள்ளிவிடுவேன். அவன் மேலே வெங்காயத்தாள் தூவிக் கொடுப்பான். ஒருமுறை சப்ளையர் டம்ளரைக் கீழே போட்ட சத்தத்துக்கும் தீயை ஏற்றிவிட்டான். அதற்கும் கை தட்டினார்கள்.

"எங்க ஊர்ல அரிசிய இந்த ஆட்டு ஆட்டினா எங்கம்மா கரண்டியாலயே அடிப்பாங்கண்ணா" என்பான். அவன் தமிழ் முழுக்க எங்கள் அடுப்படியில் கற்றது. வாடிக்கையாளர் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

கண்டாச்சிபுரத்திலிருந்து அடிக்கடி வரும் மளிகைக்காரர் ஒருவர், ஒருநாள் கண்ணாடியருகே வந்து கேட்டார். "ஏம்பா லீ, சீனாவுல இதுக்கு மல்லாட்டை போடுவாங்களா?"

எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். ஜவாத் மறந்துபோய், "போடுவாங்கண்ணா. வறுத்துக்கினு போடணும்" என்றான்.

அவர் அசந்துவிட்டார். "பாருங்கய்யா, சீனாக்காரன் நம்மளாட்டம் பேசறான்!"

முதலாளி கல்லாவிலிருந்தே, "சீனா மூளைங்க, ஜல்தியா புடிச்சிக்கும்" என்றார்.

3. ஏழு மணி அழைப்பு

கனடாவில் ஐந்து பேர் ஒன்றுசேர்ந்து ஓர் அகதிக்குப் பொறுப்பேற்கலாம். ஆரம்பத்தில் அவன் வாடகை, சாப்பாடு எல்லாம் அவர்கள் பாடு. ஜவாத்துக்கு அப்படி ஐந்து பேர் கிடைத்திருந்தார்கள். அதில் ஒருவர் யோகன் என்ற யாழ்ப்பாணத் தமிழர். அவரே ஒரு காலத்தில் அகதியாகப் போனவர். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்கள் எங்கள் ஓட்டல் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார்கள். முதலாளி போட்ட வீடியோதான் வந்தது. ‘ஷாங்காயிலிருந்து நேரடியாக, மாஸ்டர் லீ.’ இவன் நிஜமாகவே ஆப்கான் அகதிதானா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கடைசியாகப் பேசுவோம், அதன் பிறகு முடிவு சொல்கிறோம் என்று செய்தி அனுப்பினார்கள். அவர்கள் கைவிட்டால் அவனுக்கு வேறு வாசல் கிடையாது.

முதலாளி கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கா பேஜாராயிட்ட? வுடு, நான் பாத்துக்கறேன்." விழுப்புரம் போய்க் கூத்துக்காரர்களிடம் வாடகைக்கு ஒரு தலைப்பாகையும் மார்பு வரை தொங்கும் தாடியும் வாங்கி வந்தார். "இத மாட்டிக்கினு பேசு. எவன் நம்ப மாட்டான்?"

ஜவாத் தாடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "மொதலாளி, இப்பிடி தாடி வெச்சிக்கினு துப்பாக்கியோட வந்தவங்களுக்குப் பயந்துதான் நான் ஊருக்கே போவாம கீறேன்."

முதலாளி தாடியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏழு மணிக்குச் செல்போனில் வீடியோ அழைப்பு வந்தபோது கடை நிறைந்திருந்தது. திருவக்கரைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த இரண்டு வேன் ஆட்கள். ஜவாத் என் பக்கம் வந்து நின்று பேசினான். யோகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நீர் சீன மாஸ்டர் இல்லையெண்டால் அங்க சமைக்கிறது ஆர்?" என்றார்.

ஜவாத் போனை என் பக்கம் திருப்பினான். கதவோரம் நின்ற முதலாளி வாயில் விரலை வைத்துக் காட்டினார். அடுப்பில் ஆர்டர் வேறு கருகப் பார்த்தது.

பேச வராததால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். போனை வாங்கி, தடுப்புக்குப் பக்கத்து அலமாரி உச்சியில் சோயா சாஸ் பாட்டில் மேல் சாய்த்து வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு அடுப்பும் தெரியும். கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன். ஜவாத்தின் கால் பழக்கத்தில் ஓடியது. தொப்பி ஏறியது, தீ ஏறியது. இந்தப் பக்கம் நான் சோறு கிளறுகிறேன். அந்தப் பக்கம் அவன் நாலு வெங்காயத்தைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறான்.

போனுக்குள் ஐந்து பேரும் சிரித்த சிரிப்பு அடுப்புச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"நான் வந்த புதுசில இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில இப்பிடித்தான் பின்னால நிண்டனான்" என்றார் யோகன். "முன்னால மீசையோட நிண்டவனும் இத்தாலி இல்லை. அண்ணை, இவை நாலு பேருக்கும் நான் இங்கிலீசில விளங்கப்படுத்த வேணும். உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ."

முதலாளி தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். நான் போனை மட்டும் பார்த்தேன். "அவரு சீனா இல்லீங்க. ஆப்கானிஸ்தானுங்க. சீனா சாப்பாடு செய்யறது நானுங்க. நானும் சீனா இல்லீங்க. திண்டிவனம்."

என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. தடுப்புக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. மளிகைக்காரர்.

"அப்போ இவ்ளோ நாளா நாங்க துன்னது நீ செஞ்சதாய்யா?"

"ஆமாங்க."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இன்னொரு பிளேட்டு போடு. மல்லாட்டை தூக்கலா."

4. இப்போது

ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு மனுவை அனுப்பிவிட்டார்கள். பதில் வர மாதங்கள் ஆகும். வருஷமும் ஆகலாம். அதுவரை ஜவாத் முன்னால் நின்று ரொட்டி சுடுகிறான். தடுப்பைக் கழற்றியாகிவிட்டது. ஃப்ளெக்ஸும் மாறிவிட்டது. ‘ஒரிஜினல் காபூல் ரொட்டி.’ அவன் ஊர் பாமியான் என்று முதலாளியிடம் சொன்னேன். "காபூல்தான்யா ஜனங்களுக்குத் தெரியும்" என்றார்.

நான் கற்றது இதுதான். கூட வேலை செய்கிறவனின் பிழைப்பு நம் வாய்வார்த்தையில் நிற்கிற நேரத்தில் முதலாளி முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பேச்சு வராது.

போன வாரம் ஜவாத் சொன்னான். "கனடாவுல கடை வெப்பேண்ணா. போர்டுல ‘ஒரிஜினல் திண்டிவனம் மாஸ்டர்’னு போடுவேன். நீங்க வர வேணாம். ஃபோட்டோ குடுத்தா போதும்."

"என் மூஞ்சிய பாத்து எவன்டா வருவான்?"

"சமைக்கிறத எவன் வேணா சமைப்பாண்ணா. இந்த மூஞ்சி எவனுக்கு வரும்?"

நேற்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டேன். தொப்பியோடு.