பன்னிரண்டாவது பிடி

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் இந்த ஆளை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். பேய், குறி, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. எங்கள் தெருவில் சாமி வந்து ஆடியவர், ஆடுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் மச்சினனிடம் பத்திரமாகக் கொடுத்ததைப் பார்த்தவன் நான். அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் கடிகாரத்தை எங்கே வைத்தார்கள் என்றுதான் முதலில் தேடுவேன்.

தஞ்சாவூரில் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் சின்ன டிசைன் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். டிசைன் என்றதும் கல்யாணப் பத்திரிகை அடிப்பவன் என்று பாதிப் பேர் நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் வடிவமைப்பது பொருள்களை. மருந்து தெளிப்பான் முதுகை அறுக்காமல் இருக்க வேண்டும், குடத்தின் கழுத்து இடுப்பில் வழுக்காமல் நிற்க வேண்டும், இந்த மாதிரி வேலைகள். இருந்தது மூன்றே பேர். நான், மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் மாதிரிகள் செய்து தரும் அன்பு, அப்புறம் ரேவதி. ரேவதி சீர்காழிக்காரர். ஊர் ஊராகப் போய் ஜனங்களோடு பேசி, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்து வருவது அவர் வேலை. அவருடைய அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் அவரைப் படிக்க வைத்தார். ஸ்டுடியோவின் பூட்டை முதன்முதலில் திறந்த நாளிலிருந்து என்னோடு இருந்தவர், உண்மையைச் சொன்னால் அவர் இல்லாவிட்டால் எனக்கு ஸ்டுடியோவே இல்லை.

ஒரு கம்பெனிக்காக, வயலில் தள்ளிக்கொண்டே போய்க் களையெடுக்கும் கருவிக்குப் புதிதாகக் கைப்பிடி செய்ய வேண்டியிருந்தது. பன்னிரண்டு பெண்களின் கைப்பிடி அளவு கட்டாயம் வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. இதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒரு கழியில் எண்ணெய் கலந்த களிமண்ணைச் சுற்றி, வேலை செய்கிறவர்களிடம் கொடுத்து, கருவியைப் பிடிப்பது போலவே ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கச் சொல்வோம். விரல்கள் அப்படியே பதிந்துவிடும். அந்த மண் வெயிலில் வெண்ணெய் மாதிரி இளகும், எங்கள் ஏசி அறைக்குள் வந்ததும் சோப்புக் கட்டி மாதிரி இறுகிவிடும், அப்புறம் நகத்தால் கீறினால்கூடக் கோடு விழாது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்கு நானும் ரேவதியும் டிரைவரோடு வாடகைக் காரில் போனோம். களையெடுக்க ஆள் சேர்த்துக் கூட்டிப் போகும் மல்லிகா அக்கா பன்னிரண்டு பேரை வரச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். வந்து நின்றவர்கள் பதினோரு பேர்.

"ஒரு ஆளு கொறையிதுங்க. இருக்கறவங்கள வச்சிப் பாத்துக்கங்க" என்றார்.

பதினோரு பேரும் வலது கையால் பிடித்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது கழி யாரும் தொடாமல் உருளையாக மிச்சம் இருந்தது. மழை வருகிற மாதிரி இருந்ததால் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மூடியது நான்தான். மூடும்போது அந்தக் கழி வழவழவென்று இருந்தது என்று அப்போது கேட்டிருந்தால் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டாவது கழியிலும் ஒரு கை பதிந்திருந்தது. இடது கை. ஒடுக்கமான விரல்கள்.

நம்பினால் நம்புங்கள், எனக்கு பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் கணக்கு சுலபமாக இருந்தது. கம்பெனிக்குப் பன்னிரண்டு வேண்டும், கிடைத்தது பதினொன்று, முந்தின நாள் ஸ்டுடியோவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனவர் ரேவதி, மேஜை மேல் மண்ணை இளக்கும் சூட்டுத் துப்பாக்கி கிடந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக ரேவதி இடதுகைப் பழக்கக்காரர். வேறு என்ன வேண்டும்?

"ரேவதி, இது யாரோட கை?"

அவர் வந்து பார்த்தார். "தெரியல சார். பதினொண்ணுதானே எடுத்தோம்."

"அதத்தான் நானும் கேக்குறேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. "நான் எதுக்கு சார் பொய்யா ஒண்ணு செய்யப்போறேன்? பதினொண்ணுதான் கெடச்சுதுன்னு எழுதினா என்ன ஆயிரும்?"

நான் அத்தோடு விட்டிருக்கலாம். அதுதான் இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை எடுப்பது போல நான் புதிதாக மண்ணை இளக்கி அன்பையும் ரேவதியையும் இடது கையால் பிடிக்கச் சொன்னேன். அன்பு என் மூஞ்சியைப் பார்க்காமல் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ரேவதி ஒரு நிமிடம் முழுதாகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வெர்னியர் அளவுகோலை வைத்து விரல் விரலாக அளந்தேன். இருவருடையதும் ஒத்துவரவில்லை. என்னுடையதும்தான்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

"வீட்டுல யாராச்சும் புடிச்சுக் குடுத்திருக்கலாம்" என்றேன்.

"எங்கம்மா கைன்னு சொல்றீங்களா சார்?"

நான் அந்தக் கழியையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே அவருக்குப் பதில். அவர் சாவியை என் மேஜையில் வைத்தார், தன் ஸ்கெட்ச் புத்தகங்களை எடுத்தார், அன்பிடம் மட்டும் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார். தப்பு செய்தவர்தான் இப்படிக் கோபித்துக்கொண்டு போவார் என்று அப்போதும் நினைத்தேன், பாருங்கள்.

மல்லிகா அக்காவுக்கு போன் போட்டு, வராமல் போன அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார், அப்புறமாக வந்தாரா என்று விசாரித்தேன். கடைசியில் இடது கை ஒன்று பதிந்திருக்கிறது என்றேன்.

"எடது கைங்களா?" என்றார். பிறகு, "களை நேரமுங்க, அப்பறமா பேசுறேன்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. அவரும் கூட்டோ என்று சந்தேகப்பட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கம்பெனிக்குக் காட்ட வேண்டிய படங்களைத் தொகுக்க உட்கார்ந்தேன், அது ரேவதி செய்கிற வேலை, இப்போது என் தலையில். அன்றைக்கு வயலில் என் போனில் நானே எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. ஊரும் வயலும் தெரியட்டும் என்று சும்மா எடுத்தது, ஒரு நிமிடம்கூட வராது. பம்ப்செட் கொட்டகை நிழலில், திண்டின் மேல் கழிகள் வரிசையாக இருக்கின்றன. பதினொன்றில் விரல் பதிவு, பன்னிரண்டாவது வெறும் உருளை, தெளிவாகத் தெரிகிறது. கேமராவை மெதுவாகத் திருப்புகிறேன். வரப்பில் பெண்கள் டீ குடிக்கிறார்கள், எண்ணினேன், பதினோரு பேர். ரேவதி நடுவில் உட்கார்ந்து மல்லிகா அக்காவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். டிரைவர் காரில் சாய்ந்து நிற்கிறார். அன்பு அன்றைக்கு வரவே இல்லை. மறுபடியும் கேமராவைக் கழிகளுக்குத் திருப்புகிறேன்.

பன்னிரண்டாவதில் கை பதிந்திருக்கிறது.

நடுவில் வெட்டு இல்லை, ஒரே ஓட்டம். அவ்வளவு நேரமும் கழிகளிலிருந்து ஓர் எட்டுத் தூரத்தில் நின்றவன் நான் மட்டும்தான். நிறுத்தி நிறுத்தி எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. பெட்டியை மூடும்போது வழவழவென்று பார்த்தேன் என்றேனே, பார்க்கவே இல்லை. மழைக்கு பயந்து பார்க்காமல் மூடியிருக்கிறேன், அதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனுஷியைத் திருடி மாதிரி நிற்க வைத்திருக்கிறேன்.

சீர்காழிக்குப் போனேன். ரேவதி உள்ளே வரச் சொன்னார். அவருடைய அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அகலமான கை, தடித்த விரல்கள். அந்தப் பதிவுக்கும் இந்தக் கைக்கும் சம்பந்தமே கிடையாது. தம்ளரை வாங்குகிற அந்த நேரத்திலும் நான் அளந்துகொண்டுதான் இருந்தேன், அதை ரேவதியும் கவனித்துவிட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

வீடியோவை இரண்டு முறை பார்த்தார். கடைசியில் அந்தக் கழி வந்ததும் போனைக் கவிழ்த்துக் கீழே வைத்தார்.

"தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க. திரும்ப வாங்க ரேவதி" என்றேன்.

"இந்த வீடியோ இல்லாட்டி வந்திருப்பீங்களா சார்?"

வந்திருக்க மாட்டேன்.

"நாளைக்கு ஒரு ஸ்க்ரூ காணாமப் போனாலும் மொதல்ல என்னையத்தான் பாப்பீங்க. நான் வரல சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார், அதுதான் இன்னும் வலித்தது.

பதினோரு பேர் என்றே எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன், அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வீடியோவை அன்புக்குக் காட்டினேன், அவர் கழியை ஆற்றில் போட்டுவிடுங்கள் என்றார், அந்த அலமாரிப் பக்கமே வருவதில்லை. நான் போடவில்லை. மற்ற பதினோரு கழிகளோடு ஏசி அறையில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், சாவி என்னிடம் மட்டும். அந்தப் பதினொன்றும் கல் மாதிரி இறுகிக் கிடக்கின்றன. இது மட்டும் இளகியே இருக்கிறது. தொட்டால், இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு.

அதைக்கூட விடுங்கள். எங்கள் ஸ்டுடியோவில் எந்த அளவையும் இரண்டு பேர் எடுத்து இரண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்தக் கழியை நான் தனியாக அளந்து, என் கையெழுத்தை மட்டும் போட்டு, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டு வைக்கிறேன். கட்டைவிரல் பதிந்த பள்ளம் முதல் நாள் நான்கு மில்லிமீட்டர் இருந்தது. பிறகு ஐந்து. போன வாரம் ஏழு. இதையே ரேவதி வந்து என்னிடம் சொல்லியிருந்தால், யாரும் இல்லாத நேரம் பார்த்து நீங்கள்தானே அமுக்கினீர்கள் என்று கேட்டிருப்பேன்.