சீரகம் குறைந்த வடாமும் காதர் பாயின் சோலார் பம்பும்

வியாழக்கிழமை காலை, எங்கள் பக்கம் விவசாயம் பார்க்கும் வளர்மதி போன் செய்தார். “பாய் மவுத்தாயிட்டாங்களாம்ணே.” எதிரே ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். காதர் பாய் இறந்துவிட்டார் என்றதும் எந்த ஸ்க்ரூ எதற்கு என்பதே மறந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

முத்துப்பேட்டையில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த காதர் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். உலகமே நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறுகிறது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். எங்கள் பக்கம் அந்த மாற்றம் பாயின் மொபெட்டில் வந்தது. ஊர் ஊராகப் போய் சோலார் பம்பு மாட்டினார். நானோ டீசல் எஞ்சின் மெக்கானிக். அந்த மொபெட் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரு குறுவையில் வளர்மதி வயலில் சோலார் பம்பு நின்றுவிட்டது. இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. நாற்று நுனி கருகத் தொடங்கிவிட்டது. நாற்று போனால் அந்தப் போகமே போச்சு. “பழைய எஞ்சினையே மாட்டிக் குடுங்கண்ணே” என்றார். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்து நாலு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, “கரண்டே வரலம்மா. இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது” என்று தீர்ப்புச் சொன்னேன்.

தகவல் கேட்டுப் பாய் வந்தார். பெட்டிப் பக்கமே போகவில்லை, அண்ணாந்து பார்த்தார். பேனல் முழுக்க வேட்டி விரித்து, வரிசை வரிசையாகக் கூழ் வடாம்! வளர்மதி நாக்கைக் கடித்துக்கொண்டார். “இவ்வளவு வெயிலும் வீணாப் போகுதேன்னு...” அந்த வடாமின் நிழலில் நின்றுதான் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

கீழே கிடந்த ஸ்டூலில் ஏறி, பாய் ஒரு வடாமைக் கிள்ளி வாயில் போட்டார். “உப்பு சரியா இருக்கு. சீரகம் பத்தலம்மா.” பிறகு வேட்டியை மெல்ல உருவினார். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. “அண்ணன் சொன்னது சரிதான். கரண்ட்தான் வரல” என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. நாற்று பிழைத்தது. என் மானமும்தான். மறுவாரம் வேலை கற்றுக்கொள்ள அவர் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தவன் கடைசிவரை இறங்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பாய் வீட்டுக்கு வளர்மதி ஒரு டப்பா வடாம் கொண்டுவந்தார். சீரகம் தாராளமாக இருந்தது. விஷயம் தெரிந்த பாயின் மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய ஒரு வாக்கியம்தான். நேற்று ஒரு வயலில், கரண்டே வரவில்லை என்று இன்னொரு டீசல் மெக்கானிக் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தேன். பேனல் மேல் யாரோ காயப்போட்ட போர்வை. “அண்ணன் சொன்னது சரிதான்” என்று ஆரம்பித்தேன். மீதி வரவில்லை, போர்வையை மெல்ல உருவினேன்.