வெளியே போக அனுமதி உண்டா?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஃபயர்வால் நல்லது என்று சில மாதங்களுக்கு முன் இதே இடத்தில் கேட்டிருந்தேன். பதினேழு வாசகர்கள் பதில் எழுதினீர்கள். பதினேழும் வேறு வேறு பதில்! ஒருவர் மட்டும், 'இந்த வயதில் உங்கள் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது?' என்று கேட்டிருந்தார். அவருக்கு நான் பதில் எழுதவில்லை.

எல்லோருக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அது நன்றாக வேலை செய்தது... அதுதான் கோளாறு.

ஆரம்பித்தது பக்கத்து வீட்டில். வெங்கடேசப்பாவின் கம்ப்யூட்டரில் எவனோ புகுந்து அத்தனை ஃபைலையும் பூட்டிவிட்டான். பேரன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் போயின. எனக்குத் தூக்கம் போயிற்று. இறந்துபோன என் மனைவியின் படங்கள் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. இனி புதிதாக ஒன்று எடுக்க முடியாத படங்கள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முனிராஜிடம் போனேன்.

"உங்க கம்ப்யூட்டர்லயே ஒண்ணு இருக்குது சார். வெளிய இருந்து வர்றத அது பாத்துக்கும். ஆஃப் பண்ணாம வெச்சிருந்தா போதும்."

"உள்ளே இருந்து வெளியே போறதை?"

"அத அவ்ளோவா கேக்காது சார். உங்க வூட்ல இருந்து போறதுதானே?"

கேட்காதா? எனக்கு ரத்தம் கொதித்தது.

காரணம் இருக்கிறது. இங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். எங்கள் கேட்டில் உள்ளே வருகிறவருக்கு சல்யூட். வெளியே போகிறவருக்குத்தான் சோதனை. டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும் — காலியாக இருந்தாலும். ஒரு நட்டு வெளியே போவதற்கும் கேட் பாஸ் வேண்டும். அதில் என் கையெழுத்து வேண்டும். அந்தப் பழக்கம் பென்ஷனோடு முடிந்துவிடுமா என்ன?

தேடினேன். இலவசமாகக் கிடைத்த ஒன்று, பாதுகாத்ததைவிட விளம்பரம் காட்டியதுதான் அதிகம். இன்னொன்றைப் போட்டதும் கம்ப்யூட்டர் என்னைப் போலவே மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்றாவதுதான் எனக்கேற்றது. உள்ளேயிருந்து எந்த புரோகிராம் இன்டர்நெட்டுக்குப் போக முயன்றாலும் நிறுத்தி, 'அனுமதிக்கலாமா?' என்று கேட்கும். பாஸ்வேர்ட் போட்டால்தான் திறக்கும். பதில் வராவிட்டால்? மறுப்பு. நானே அப்படி வைத்தேன்.

முதல் நாள் நாற்பத்து மூன்று கேள்விகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மகள் பிரிசில்லாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்பா, பிரிண்டர்கூட பர்மிஷன் கேக்குது."

"கேக்கட்டும்."

"நாளைக்கு எனக்கும் கேட் பாஸ் போடுவீங்க போல."

"எட்டு மணிக்கு மேல வர்றவளுக்குப் போட்டா தப்பில்ல."

பாஸ்வேர்டை அவளிடம் சொல்லவில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது பூட்டே அல்ல என்பது என் கட்சி. வேண்டும்போது அவள் கூப்பிடுவாள், நான் போய்த் தட்டுவேன். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தானே?

பிரிசில்லா இங்கே ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் கான்ட்ராக்டில் இருந்தாள். ஐந்து வருஷமாக 'அடுத்த வருஷம் பர்மனென்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புனேயில் ஒரு கம்பெனி அவளை இன்டர்வியூவுக்கு அழைத்தது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி, கம்ப்யூட்டர் வழியாக. புதன்கிழமையே என்னை உட்காரவைத்து, பாஸ்வேர்ட் போடச் சொல்லி, சோதித்தும் பார்த்துக்கொண்டாள். எல்லாம் சரி.

வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் உபவாச ஜெபம். காலையிலேயே போய்விட்டேன். சபைக்குள் நுழைந்ததும் போனை அணைப்பவன் நான். அணைக்காதவர்களைத் திரும்பி முறைப்பவனும் நானே.

சரியாகப் பதினோரு மணிக்கு எழுந்து, "ஐயா, என் மகளுக்கு இப்ப இன்டர்வியூ. ஜெபிச்சுக்கங்க" என்று போதகரிடம் கேட்டேன். சபை முழுவதும் முழங்காலில் நின்றது. "ஆண்டவரே, பிள்ளைக்கு வாசலைத் திறந்து கொடும்" என்று போதகர் உருகி ஜெபித்தார். எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னவன் நான்.

வெளியே வந்து போனைத் திறந்தேன். ஒன்பது தவறிய அழைப்புகள். ஒன்பதும் அவள்.

நடந்தது இதுதான். அந்த இன்டர்வியூ புரோகிராம் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. என் ஃபயர்வாலுக்கு அது புது ஆள். 'அனுமதிக்கலாமா?' என்று கேட்டிருக்கிறது. பாஸ்வேர்ட் சபையில் முழங்காலில் இருந்தது. மறுத்துவிட்டது.

வீட்டுக்குள் போனால் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காத போனை எடுத்துக்கொண்டு, தெருமுனைக்கு ஓடியிருக்கிறாள் பெண். கன்டெய்னர் லாரிகள் போகும் ரோட்டோரத்தில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இருபது நிமிடம் தாமதமாகப் பேசியிருக்கிறாள்.

நான் போனபோது வாசலில் நின்றிருந்தாள். முகமெல்லாம் புழுதி.

"எங்கப்பா போனீங்க?"

"உனக்காகத்தான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன்மா."

"பாஸ்வேர்ட சொல்லிட்டுப் போயிருந்தா ஜெபமே வேண்டியதில்லப்பா."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள். "நான் போகக் கூடாதுன்னு வெச்சீங்களா?"

"கம்ப்யூட்டருக்குத்தான் வெச்சேன்" என்றேன். உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. லாரிச் சத்தத்திலும் தெளிவாகப் பதில் சொன்ன பெண் என்று பாராட்டினார்களாம்! எல்லாம் நன்மைக்கே என்றார் போதகர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் புனேக்குப் புறப்பட்ட அன்று ஆட்டோ வந்து நின்றது. பிரிசில்லா கேட்டருகே நின்று, தோள்பையின் ஜிப்பை முழுவதும் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"செக் பண்ணிக்கங்க, ஸ்டோர்ஸ் சார்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே அவள் அம்மாவின் படம் ஒன்று இருந்தது, கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் எடுத்தது. எப்போது எடுத்தாள்? பிரிண்டருக்கு அனுமதி கொடுத்தது நான்தான், எதற்கென்று கேட்கவில்லை.

ஆக, எந்த ஃபயர்வால் நல்லது? முனிராஜ் சொன்னதுதான் சரி. கம்ப்யூட்டரோடு வருவதை அணைக்காமல் வைத்திருங்கள், படங்களுக்கு வேறொரு பிரதி எடுத்து வையுங்கள். நம் வீட்டுக்கு அது போதும். என்னுடையதை நான் இன்னும் கழற்றவில்லை. கேள்விகள்தான் நாளுக்கு நாலைந்தாகக் குறைந்துவிட்டன.

நேற்று அந்தப் பாஸ்வேர்டை அவள் போனுக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

இப்போது பாஸ்வேர்ட் இரண்டு பேருக்குத் தெரியும்... வீட்டில் இருப்பது ஒருவன்.